90,000 ரூபாய் லேப்டாப்பில் 4கே கேம் ஓடுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, காலேஜுக்கு லேப்டாப் வாங்கணும். 90,000, மிஞ்சிப்போனா ஒரு லட்சம். டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டதைக் காட்டி, இதுல 4கே-யே ஓடும்னு சொல்றாங்க. வீட்டுல 43 இன்ச் 4கே டிவி இருக்கு. வேலரண்ட், ஜிடிஏ ஃபைவ், சைபர்பங்க் மூணும் ஆடணும். நம்பி வாங்கலாமா? அதே லேப்டாப்ல 2.5கே ஸ்கிரீன் வேணும்னா 12,000 கூட ஆகும்னாங்க. அதுக்குப் போகலாமா?"

தம்பி, ஓடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த கேம், எந்த செட்டிங், எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்) என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று 4கே-யில் சும்மா ஓடும், ஒன்று கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் ஓடும், மூன்றாவதை ஒரு வித்தை செய்து ஓட்டலாம். அந்த வித்தையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 12,000 ரூபாய்க் கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே வருகிறது.

முதலில் கணக்கு. 1080பி என்றால் 1920க்கு 1080, ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம். அதாவது 4கே என்பது 1080பி-யைப் போல் சரியாக நான்கு மடங்கு. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 50 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லிசெகண்டுதான் நேரம். பிராசஸருக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. எதிரி எங்கே நிற்கிறான், வண்டி எங்கே மோதுகிறது என்ற கணக்கெல்லாம் ரெசல்யூஷன் ஏறினாலும் அதேதான். சுமை முழுவதும் கார்டின் தலையில் விழுகிறது. அதனால் 4கே ஆசை இருக்கிறவர்கள் ஐ5-ஆ ஐ7-ஆ என்று கடையில் மல்லுக்கட்டுவதில் அர்த்தமே இல்லை. அந்தக் காசைக் கார்டில் போடுங்கள்.

கார்டில்தான் ஏமாற்றமும் இருக்கிறது. 4060-க்கு மேலே உள்ள 4070 கார்டின் லேப்டாப் வகையையும் டெஸ்க்டாப் வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் 5,888 கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதி), 12 ஜிபி மெமரி. லேப்டாப்பில் 4,608 கோர், 8 ஜிபி. பெயர் மட்டும் ஒன்று. யூடியூபில் டெஸ்க்டாப் கார்டைப் போட்டு ஒருவர் காட்டும் எஃப்பிஎஸ்-ஐ நம்பி லேப்டாப் வாங்குகிற பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்லவேளை, 4060-இல் இரண்டுக்கும் 3,072 கோர், 8 ஜிபி. அங்கே பிரச்சினை வேறு: வாட்.

லேப்டாப் 4060-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று இந்தக் கார்டைச் செய்கிற என்விடியாவே விட்டிருக்கிறது. டைனமிக் பூஸ்ட் (பிராசஸர் பயன்படுத்தாத வாட்டைக் கார்டுக்குத் திருப்பிவிடுவது) சேர்ந்தால் 140 வரை போகும். மெலிதான அழகான லேப்டாப்பில் அதே 4060 பாதி வாட்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். கொஞ்சம் தடியான, பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கிற மாடலில் அதே கார்டு முழுதாக ஓடும். டப்பாவின் மேல் இரண்டிலும் ஒரே ஸ்டிக்கர்தான். சில சமயம் ஒரு படி கீழே உள்ள 4050 கார்டு முழு வாட் கிடைத்தால், பட்டினி போட்ட 4060-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுல 4060 எத்தனை வாட்?" பதில் சொல்லத் தெரியாவிட்டால் நீங்களே பார்த்துவிடலாம். டெமோ பீஸில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, கீழே மூலையில் இருக்கும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அமுக்கினால் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும். 100-க்கு மேல் இருந்தால் நல்லது. 60, 70 என்றால் 4கே பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது கார்டின் சொந்த மெமரி, விரேம். 4050-இல் 6 ஜிபி, 4060-இல் 8 ஜிபி. இந்த 2 ஜிபி வித்தியாசம் 1080பி-யில் அவ்வளவாகத் தெரியாது. 4கே-யில் உயிரே இதுதான். லேப்டாப் 4060-இன் சொந்த மெமரி நொடிக்கு 256 ஜிபி வேகத்தில் தரவைக் கொடுக்கும். அது நிறைந்துபோனால் மிச்சத்தை லேப்டாப்பின் சாதாரண ரேமில் வைத்து எடுக்க வேண்டும். அந்தப் பாதையின் வேகம் 16 ஜிபி வாக்கில்தான். அதனால்தான் விரேம் நிறைந்த கேம் சீராக மெதுவாகாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடுக்கென்று நின்று, மறுபடி ஓடி, மறுபடி நிற்கும். சராசரி எஃப்பிஎஸ் 50 என்று காட்டும், ஆட முடியாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்குக் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி விரேம், ரே டிரேசிங் (ஒளியும் நிழலும் நிஜத்தில் விழுகிற மாதிரி கணக்கிட்டு வரைவது) உள்ள கார்டு என்று போட்டிருந்தார்கள். இனி வரப்போவதும் இந்த வழியில்தான். கடையில் அடுத்த தலைமுறைக் கார்டான 5050 காட்டினாலும் பார்க்கலாம், லேப்டாப் 5050-இல் 8 ஜிபி இருக்கிறது. 6 ஜிபி கார்டைப் பெரிய டிவியோடு சேர்த்து யோசிக்காதீர்கள்.

சரி, உங்கள் மூன்று கேமுக்கு வருவோம்.

வேலரண்ட் பழைய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்றே செய்த கேம். 115 வாட் 4060-இல் 4கே வைத்தாலும் 100-க்கு மேல் சாதாரணமாகக் கொடுக்கும். ஆனால் அதை டிவியில் ஆடாதீர்கள். டிவி பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ் இருக்கும், டிவிக்கு உள்ள தாமதமும் அதில் இருக்காது. துப்பாக்கி கேமில் கூர்மையை விட வேகம்தான் சோறு போடும்.

ஜிடிஏ ஃபைவ் கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-இல். பழைய பதிப்பை 4கே-யில் வைத்து, ஓரங்களை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏ செட்டிங்கை அணைத்துவிட்டு, புல்லுக்கான செட்டிங்கை மட்டும் இரண்டு படி இறக்குங்கள். 60-ஐ ஒட்டி ஓடும். புல்லா என்று சிரிக்க வேண்டாம். ஊருக்குள் வண்டி ஓட்டும்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிற கேம், மலைப்பக்கம் ஏறியதும் திணறுவதற்கு அந்தப் புல்தான் காரணம். 2025-இல் வந்த மேம்பட்ட பதிப்பில் ரே டிரேசிங் இருக்கிறது. அதைத் தொட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

சைபர்பங்க் 2077 தான் பரீட்சை. நேரடி 4கே, எல்லாம் அல்ட்ரா என்று வைத்தால், ரே டிரேசிங் இல்லாமலேயே 30-ஐத் தொட முடியாமல் நிற்கும். ரே டிரேசிங்கும் போட்டால் ஸ்லைட் ஷோதான். இங்கேதான் அந்த வித்தை.

அதன் பெயர் அப்ஸ்கேலிங். என்விடியாவில் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியில் எஃப்எஸ்ஆர், இன்டெலில் எக்ஸ்இஎஸ்எஸ். கேமைச் சின்ன ரெசல்யூஷனில் வரைந்து, முந்தைய ஃபிரேம்களில் இருந்த விவரங்களையும் சேர்த்துப் பெரிய படமாகக் கட்டுவதுதான் வேலை. டிஎல்எஸ்எஸ்-இல் குவாலிட்டி என்று வைத்தால் நீளத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வரையும். பெர்ஃபார்மன்ஸ் என்றால் பாதி. 4கே-யில் பெர்ஃபார்மன்ஸ் வைத்தால் உள்ளே வரைவது 1080பி, திரைக்கு வருவது 4கே. சைபர்பங்கை இப்படி வைத்து, செட்டிங்கை மீடியத்துக்கும் ஹைக்கும் நடுவில் நிறுத்தினால் முழு வாட் 4060-இல் 50, 60 வரும். 2025 ஜனவரியில் டிஎல்எஸ்எஸ் 4 வந்தபோது அப்ஸ்கேலிங்குக்குப் புது மாடலைக் கொடுத்தார்கள். அது பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைக்கிறது. ஓடும்போது பின்னால் நிழலாக இழுபடுவது, கம்பி வேலி மினுமினுப்பது எல்லாம் அதில் நன்றாகவே குறைந்திருக்கிறது.

இதில் ஒரு வினோதம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. இதே பெர்ஃபார்மன்ஸை லேப்டாப்பின் 1080பி திரையில் வைத்தால் உள்ளே வரைவது வெறும் 540பி. படம் தண்ணீரில் நனைந்த போஸ்டர் மாதிரி ஆகிவிடும். அதாவது அப்ஸ்கேலிங் சின்னத் திரையில் சுமாராகவும் பெரிய ரெசல்யூஷனில் அருமையாகவும் வேலை செய்யும். ஆகவே உங்கள் 4கே டிவி இந்த லேப்டாப்புக்கு எதிரி இல்லை. 1080பி-யில் வரைகிற செலவுக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் 4கே-க்குப் பக்கத்தில் வரும் படம் கிடைக்கிறது. வாங்கும்போது "நேரடி 4கே" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு விஷயம். விளம்பரத்தில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு எஃப்பிஎஸ் என்று பட்டை நீளமாகப் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் இதுதான். உண்மையாக வரைந்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் கற்பனையாக ஒன்றைச் செருகுவது. நடுவில் செருக வேண்டுமென்றால் அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் கைக்கும் திரைக்கும் இடையில் தாமதம் கூடும். ஏற்கனவே 60 வருகிற இடத்தில் அதை 100 ஆக்கிக் காட்ட நல்லது. 25 வருகிற இடத்தில் போட்டால் பார்க்க வழவழப்பாக இருக்கும், மவுஸை அசைத்தால் சேற்றில் நடக்கிற உணர்வு வரும். போதாததற்கு அது விரேமையும் தின்னும். உங்கள் டிவி 60 ஹெர்ட்ஸ் என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

இப்போது டிவியும் சோபாவும். நல்ல கண்பார்வை உள்ளவர் பிரித்தறியும் எல்லை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு என்று கண் மருத்துவத்தில் வைத்திருக்கிறார்கள். 43 இன்ச் திரையில் 1080பி புள்ளி ஒன்றின் அகலம் அரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்துவிட்டால் அந்தப் புள்ளிகளே கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. நம் வீட்டு ஹாலில் சுவரில் மாட்டிய டிவிக்கும் எதிர்ச் சுவரோரம் போட்ட நாற்காலிக்கும் எட்டு அடியாவது இருக்கும். அங்கிருந்து பார்த்து 4கே-யையும் நல்ல 1440பி-யையும் வேறுபடுத்துவது கஷ்டம். ஓரங்கள் மினுமினுப்பது மட்டும் கொஞ்சம் தெரியும். 43 இன்ச் டிவியை மேஜையில் வைத்து மூன்றடியில் உட்கார்ந்து ஆடுவீர்கள் என்றால்தான் 4கே முழுப் பலன் தரும். அப்படி ஆடினால் வீட்டில் அம்மா என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு.

அதே கணக்கை லேப்டாப் திரைக்கும் போடுங்கள். 15.6 இன்ச்சில் 1080பி என்றால் ஒரு இன்ச்சுக்கு 141 புள்ளி. இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் கண்ணின் எல்லையே கிட்டத்தட்ட அதுதான். 16 இன்ச் 2.5கே திரையில், அதாவது 2560க்கு 1600-இல், 189 புள்ளி. எழுத்து இன்னும் கூர்மையாகத் தெரியும். கேமில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புள்ளிகளோ ஏறத்தாழ இரட்டிப்பு, 41 லட்சம். டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி வைத்தால் உள்ளே வரைவது 1080பி அளவுக்கே இறங்கிவிடும் என்பதால் எஃப்பிஎஸ் பெரிதாக அடிபடாது, அது வேறு.

அப்படியானால் 12,000 கொடுக்கலாமா? கேமுக்காக என்றால் வேண்டாம். ஆனால் இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து ஒரே படத்தைப் போட்டுப் பாருங்கள். மலிவான 1080பி பேனல்களில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று ஒரு வகை இருக்கிறது. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி எல்லாம் ஒரு திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகள். சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போகும், மனிதர்கள் முகம் வெளிறிக் கிடக்கும், வெளிச்சமும் 250 நிட்ஸ்தான். 2.5கே பேனல்கள் பெரும்பாலும் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி, வெளிச்சமும் கூட. நான்கு வருடம் அந்தத் திரையைப் பார்த்துத்தான் படிக்கவும் கோட் எழுதவும் போகிறீர்கள். 1080பி மாடலும் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்றால் 12,000-ஐ மிச்சம் பிடியுங்கள். 45 சதவீதப் பேனல் என்றால் கொடுங்கள், ரெசல்யூஷனுக்காக இல்லை, நிறத்துக்காக.

இதையெல்லாம் விட நம் ஊரில் முக்கியமானது வெயில். இது ரிவ்யூக்களில் பெரும்பாலும் வராது, ஏனென்றால் ரிவ்யூ செய்கிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். லேப்டாப் கார்டு 87 டிகிரி வாக்கில் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். சூடு வெளியேறுவது கார்டுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 24 டிகிரி ஏசி அறையில் அந்த வித்தியாசம் 63. கத்திரி வெயிலில், மேல்மாடி கான்கிரீட் கூரைக்குக் கீழே 38 டிகிரி அறையில் 49. அதாவது வெளியேற்றக்கூடிய சூடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. சூட்டின் எல்லையில் ஓடுகிற லேப்டாப் என்றால் கடையில் 115 வாட் காட்டியது உங்கள் வீட்டில் மே மாதம் 90 வாட் ஆகும். ஜனவரியில் 60 வந்த கேம் சித்திரைத் திருவிழா சமயத்தில் 50-க்கு இறங்கினால் வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடிக்க வேண்டாம்.

தூசி அதற்கு மேல். ஒரு வருடம் ஆடிய லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் மேலாகப் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஃபேன் மூடியையும் எடுத்தால்தான் தெரியும்: இறக்கைக்கும் செம்பு, அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துணி நெய்து வைத்த மாதிரி பஞ்சு படிந்திருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் ஒரே கீற்றாக உரிந்து வரும். காற்று போக வேண்டிய இடம் முழுவதும் அதுதான் அடைத்துக்கொண்டிருந்திருக்கும். மெத்தையில் வைத்து ஆடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் கேட்கவே வேண்டாம், அடியில் காற்று இழுக்கிற துளைகளையும் அது மூடிவிடும். மேஜையில் வைத்து, பின்பக்கம் ஒரு விரல் உயரத்துக்கு ஏதாவது முட்டுக் கொடுங்கள். வருடம் ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள். டிவியில் ஆடும்போது எஃப்பிஎஸ்-ஐ 60-இல் பூட்டுங்கள். டிவி காட்டாத ஃபிரேமை வரைந்து அறையைச் சூடாக்குவதில் யாருக்கும் லாபமில்லை.

கரண்ட் போனால்? ஆட முடியும் என்று நினைக்காதீர்கள். பேட்டரியில் கார்டுக்குப் போகிற வாட் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதுவும் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. மாதாந்திரப் பராமரிப்பு என்று நாள் முழுக்க நிறுத்துகிற அன்று புத்தகத்தை எடுங்கள்.

டிவியில் இணைக்கும்போது கவனிக்க ஒன்றிரண்டு. ஹெச்டிஎம்ஐ 2.0 இருந்தால் 4கே 60 ஹெர்ட்ஸ் வரும். பழைய 1.4 என்றால் 4கே-க்கு 30 ஹெர்ட்ஸ்தான், ஆடவே முடியாது. டிவியில் எல்லா போர்ட்டும் ஒன்றாக இருக்காது, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்கில் ஹெச்டிஎம்ஐ சிக்னலை மேம்பட்ட நிலைக்கு மாற்றுகிற ஆப்ஷன் இருக்கும், பல டிவியில் அது அணைந்தே வரும். அது அணைந்திருந்தால் நிற விவரத்தைக் குறைத்துத்தான் அனுப்பும். சோதிக்க, கறுப்புப் பின்னணியில் சின்னச் சிவப்பு எழுத்து ஒன்றைத் திறந்து பக்கத்தில் போய்ப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கசிந்து தெரிந்தால் நிறம் முழுதாக வரவில்லை. அப்புறம் கேம் மோடைப் போடுங்கள், இல்லாவிட்டால் டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று தாமதப்படுத்தும். லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ நேராக என்விடியா கார்டிலிருந்து வருகிறதா, பிராசஸரின் உள்கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றி வருகிறதா என்பதையும் அதே கண்ட்ரோல் பேனலில் ஃபிஸ்எக்ஸ் (PhysX) என்ற பகுதியில் படம் போட்டே காட்டும். நேராக வந்தால் சில ஃபிரேம் மிச்சம். லேப்டாப் திரைக்கு அதே வேலையைச் செய்வதுதான் மக்ஸ் சுவிட்ச், இருக்கிற மாடலாகப் பாருங்கள்.

கடைசியாக ரேம். சைபர்பங்குக்கு இப்போது குறைந்தபட்சமே 12 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும். 16 ஜிபி வாங்குங்கள். இரண்டு 8 ஆக இருந்தால் இரட்டைப் பாதையில் ஓடும், வேலரண்ட் மாதிரி கேமில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒற்றை 16 ஆக இருந்தால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். போர்டிலேயே ஒட்டிய 8 ஜிபி, கூட்ட வழியில்லை என்றால், கார்டு 4060-ஆக இருந்தாலும் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.